வின்டோஸ் அப்டேட்டை நிறுத்தாதீர்கள், கொஞ்சம் பிந்திப் போடுங்கள்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு மேசைக் கணினியில் 2016 முதல் வின்டோஸ் 10தான். அப்டேட்டை ஒருபோதும் அடைத்து வைத்ததில்லை. "அப்டேட் போட்டாப் பழுதாப் போகும்" என்று ஒழுங்கையில் பலர் சொல்கிறார்கள். இத்தனை வருடப் பாவனையில் நான் கண்டது அப்படியில்லை.

மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தங்களால் எங்களுக்கு ஒரு கரைச்சலும் வரவில்லை. கரைச்சல் தந்தவை பதிப்பையே மாற்றும் பெரிய அப்டேட்டுகளும் அவற்றோடு வரும் டிரைவர்களும் (ஸ்பீக்கர் போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்கள்)தான். ஒருமுறை ஸ்பீக்கரில் சத்தமே இல்லாமல் போனது. டிவைஸ் மேனேஜரில் சவுண்ட் டிரைவரைப் பழையதற்குத் திருப்பியதும் சரியாகிவிட்டது.

பயம் வெறும் கற்பனையும் இல்லை. 2018 ஒக்டோபர் அப்டேட் சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்தது. மைக்ரோசொப்ட் அதை நிறுத்தி, நவம்பரில் திருத்தி வெளியிட்டது. அவசரப்படாமல் இருந்தவர்கள் தப்பினார்கள். ஆனால் ஒரேயடியாக நிறுத்துவது அதைவிட மோசம். 2017 மே மாதம் வன்னாகிரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

மட்டக்களப்பில் உண்மையான பிரச்சினை கரண்ட். 2022 மின்வெட்டுக் காலத்தில் ஓர் இரவு, "கணினியை அணைக்க வேண்டாம்" என்ற திரையில் வீதம் ஏறிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது. எங்களிடம் யூபிஎஸ் இல்லை. கரண்ட் வந்து போட்டதும், செய்த மாற்றங்களை நீக்குவதாகச் சொல்லி நெடுநேரம் அந்த வட்டம் சுற்றியது. பிறகு பழைய நிலைக்கே திரும்பியது, ஒரு கோப்பும் போகவில்லை. அதன்பின் எங்கள் பகுதிக்குரிய மின்வெட்டுக் குழுவின் நேரத்தைப் பார்த்துத்தான் ரீஸ்டார்ட் கொடுத்தோம்.

அப்புறம் வேகம். ஹார்ட் டிஸ்க் இருந்த காலத்தில் அப்டேட் இறங்கினால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 வீதத்தில் நிற்கும். பிரவுசர் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். அதற்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்ட பிறகு அப்டேட் நடப்பதே தெரியவில்லை. அப்டேட்டால்தான் ஸ்லோ என்பவர்கள் முதலில் டிஸ்க்கைப் பாருங்கள்.

2019 மே பதிப்பிலிருந்து ஹோம் பதிப்பிலும் அப்டேட்டை 7 நாள், தேவையென்றால் 35 நாள் வரை தள்ளி வைக்கலாம். நாங்கள் ஒரு வாரம் தள்ளுவோம். டொங்கிளில் டேட்டா போடுபவர்கள் இணைப்பை 'மீட்டர்ட்' (டேட்டா அளவு மட்டுப்பட்டது) என்று குறித்தால் பெரிய டவுன்லோட் தானாக இறங்காது.

வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. எங்கள் கணினி வின்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை. அதனால் வங்கி வேலையெல்லாம் இப்போது மகளின் லாப்டொப்பில்தான்.