பத்து நாளில் ஐந்து கிலோ: இறங்குவது கொழுப்பல்ல, தண்ணீர்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், பாம்பன் பக்கம் வாட்ஸ்அப் வழியாக விற்கப்படும் எடைக்குறைப்புத் திட்டத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்களின் கணக்கு இது. பெண்களைக் கூப்பிடுவது கீழக்கரை என்றால் "லாத்தா", பாம்பன் என்றால் "அக்கா". "சோத்த மட்டும் நிப்பாட்டுங்க, பத்து நாள்ல அஞ்சு கிலோ எறங்கும்" என்று பேச்சு தொடங்கும். பாதிப் பணம் முன்கூட்டியே, அதுவும் தனிநபர் எண்ணுக்கு. பில் கிடையாது. ஒரு டப்பா பொடி, ஒரு சாப்பாட்டு அட்டவணை, தினமும் "குட் மார்னிங்" போடும் ஒரு குழு, அவ்வளவுதான் கைக்கு வருவது. நடத்துபவரின் பெயரை எழுதவில்லை. ஒரு பெயர் கெட்டால் அடுத்த மாதம் வேறு பெயரில் வந்துவிடுவார்கள். அதனால் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏமாற்று முதல் நாள் எடை மெஷினிலேயே தொடங்கிவிடுகிறது. முதல் எடையைச் சாயங்காலம் பார்க்கிறார்கள். மத்தியானச் சாப்பாடு, குடித்த தண்ணீர், உடுத்திய துணி எல்லாம் சேர்ந்து நிற்கும் எடை அது. பதினோராம் நாள் எடையைக் காலையில், வெறும் வயிற்றில், "டாய்லெட் போயிட்டு வாங்க" என்று சொல்லிப் பார்க்கிறார்கள். எதுவுமே செய்யாத ஒருவருக்கும் இந்த இரண்டு நேரத்துக்கும் இடையில் 1 முதல் 2 கிலோ வித்தியாசம் வரும். கால் வைத்து, கைப்பிடி பிடித்து நிற்கும் "பாடி ஸ்கேன்" மெஷின் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. உடம்பில் சிறு மின்சாரத்தைச் செலுத்தி, அது கடக்கும் விதத்தை வைத்துத் தண்ணீரைக் கணக்கிட்டு, வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கொழுப்பை ஊகிக்கிறது. பல மெஷின்களில் விளையாட்டு வீரர் என்று ஒரு தேர்வு உண்டு. அதை அழுத்தினால் அதே ஆளுக்குக் கொழுப்புச் சதவீதம் குறைந்து காட்டும். அச்சடித்துத் தரும் தாளை நம்பாதீர்கள். மெஷினில் என்ன அழுத்துகிறார்கள் என்று பாருங்கள்.

இனி, சோற்றை நிறுத்தியதும் நிஜமாகவே எடை இறங்குகிறதே, அது என்ன? ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சுமார் 400 முதல் 500 கிராம் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, இட்லி, பரோட்டா எல்லாம் நின்றதும் அந்தச் சேமிப்பு கரைகிறது, அதோடு தண்ணீரும் போகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும், உப்போடு இன்னும் கொஞ்சம் தண்ணீர். ஆக முதல் வாரத்தில் 2, 3 கிலோ இறங்குவது பலருக்கும் சாதாரணம். ஒரு கல்யாண வீட்டுப் பிரியாணியில் தொடங்கிப் பழையபடி சோறு சாப்பிட ஆரம்பித்தால் சில நாளில் அதில் பெரும்பகுதி திரும்பிவிடும். கொழுப்பு அவ்வளவு வேகமாகப் போவதும் இல்லை, வருவதும் இல்லை.

ஐந்து கிலோ கொழுப்பு பத்து நாளில் கரையுமா என்பதற்கு ஒரு வகுத்தல் போதும். ஒரு கிலோ உடல்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. ஐந்து கிலோவுக்கு 38,500. பத்து நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 3,850 கலோரி பற்றாக்குறை வேண்டும். 78 கிலோ எடை, 157 சென்டிமீட்டர் உயரம், 40 வயது, வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணின் உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதே சுமார் 1,950 கலோரிதான். பத்து நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துப் பட்டினி கிடந்தாலும் இரண்டரை கிலோவுக்கு மேல் கொழுப்பு போக வழியில்லை. சாப்பிட்டுக்கொண்டே ஐந்து கிலோ என்று ஒருவர் சொன்னால், தண்ணீரை விற்கிறார் என்று அர்த்தம்.

அட்டவணையைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதில் சோறு இல்லை, சர்க்கரை இல்லை, ஆனால் அளவும் இல்லை. காலையில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயும் கலந்த காபி: 220 கலோரி. மூன்று முட்டை ஆம்லெட், ஒரு மேசைக்கரண்டி நெய்: 330. "பசிச்சா பாதாம் சாப்பிடலாம்" என்கிறார்கள், 50 கிராம் தெரியாமலே உள்ளே போகும்: 290. மத்தியானம் 200 கிராம் மீன், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பொரித்தது: 440. கூடவே குழம்பில் 100 கிராம் தேங்காய்: 350. ராத்திரி எண்ணெயில் வதக்கிய கோழி 200 கிராம்: 450. கூட்டினால் 2,080. அந்தப் பெண்ணின் செலவு 1,950. ஒரு பருக்கை சோறு தொடாமல், தினமும் தேவைக்கு மேலே சாப்பிட்டிருக்கிறார். முதல் வாரம் தண்ணீர் இறங்கியது, அதற்கப்புறம் முள் அசையவில்லை. அது அவர் தப்பு இல்லை. ஒரு கிராம் மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி. அட்டவணை எழுதியவருக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் எழுதவில்லை.

"இன்சுலின் குறைஞ்சா கொழுப்பு தானா கரையும், கலோரி கணக்கே வேண்டாம்" என்பதுதான் அவர்கள் சொல்லும் அறிவியல். இதை ஆராய்ச்சியாளர்கள் நேரடியாகவே சோதித்துவிட்டார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 19 பேரை மருத்துவமனைக்குள்ளேயே தங்கவைத்து, கலோரியை 30 சதவீதம் குறைத்தார்கள். ஒரு முறை மாவுச்சத்தை மட்டும் வெட்டினார்கள், இன்னொரு முறை கொழுப்பை மட்டும். ஒவ்வொன்றும் 6 நாள். இன்சுலின் குறைந்தது மாவுச்சத்தை வெட்டியபோதுதான். உடல்கொழுப்பு அதிகம் போனது உணவுக் கொழுப்பை வெட்டியபோது: நாளுக்கு 89 கிராம், மற்றதில் 53 கிராம். ஆறு நாள் ஆய்வை வைத்துக்கொண்டு நெய்யை வெட்டுவதே மேல் என்று சொல்வதும் சரியில்லை. நீண்ட ஆய்வு ஒன்று இருக்கிறது: ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை 12 மாதம் பின்தொடர்ந்து 2018-இல் வெளியிட்டது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6.0 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ இறங்கினார்கள். கணக்கில் எடுத்துக்கொள்ளத்தக்க வித்தியாசம் இல்லை. பன்னிரண்டு மாதத்துக்கு ஆறு கிலோ என்பதையும் கவனியுங்கள்.

மாவுச்சத்தைக் குறைப்பதே வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. பரோட்டா, தொதல் என்ற இனிப்பு, டீக்கடை பன், நாளைக்கு ஐந்து டீயில் ஐந்து முறை சர்க்கரை, இவை நின்றால் கலோரியும் தானாகக் குறைகிறது. டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஐந்து டீயில் மட்டும் 200 கலோரி. மீன், முட்டை கூடினால் சிலருக்குப் பசி அடங்குகிறது. சர்க்கரை நோயாளிக்குச் சாப்பிட்ட பின் வரும் ஏற்றமும் குறைகிறது. எண்ணெயையும் அளந்து வைத்தால் அந்த வழியிலும் கொழுப்பு கரையும். ஆனால் கரைப்பது கலோரிப் பற்றாக்குறை. சோற்றைக் குறைப்பது அதற்கான ஒரு வழி மட்டுமே. இன்னொன்று: திட்டத்தில் "சர்க்கரை இல்லா" காபிக்குக் கருப்பட்டி சேர்க்கச் சொல்கிறார்கள். சாயல்குடிக் கருப்பட்டி நல்ல பொருள்தான், ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரையே. 10 கிராமுக்கு 40 கலோரிக்குக் கொஞ்சம் குறைவு.

அதே பெண் சோறு சாப்பிட்டே எப்படி இறங்கலாம் என்றால்: காலையில் மூன்று இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு அவித்த முட்டை, 350 கலோரி. மத்தியானம் 75 கிராம் அரிசி, அரிசியாக அளந்தது, வெந்தால் 200 கிராமுக்கு மேல் வரும். தேங்காய் சேர்க்காமல் புளி கரைத்துவிட்ட மீன் குழம்பு, 200 கிராம் மீனுக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் பொரியல். இது 650. காரலோ நகரையோ சங்கராவோ, எது கிடைத்தாலும் சரி. குழம்பு மீன் 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம், 100 கலோரி. சாயங்காலம் 40 கிராம் பயறு சுண்டல், சர்க்கரை இல்லாத பால் டீ, 180. ராத்திரி எண்ணெய் தடவாத இரண்டு சப்பாத்தி, பருப்பு, 310. மொத்தம் 1,490. நாளுக்கு 460 கலோரி பற்றாக்குறை, மாதத்துக்கு 1.8 கிலோ அளவுக்குக் கொழுப்பு. இதை விற்க யாருக்கும் மனசு வராது, ஏனென்றால் டப்பா தேவைப்படாது.

அளக்க ஆரம்பிக்கும் இடம் எண்ணெய். நாலு பேர் வீட்டில் மாதம் நாலு லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு நாளைக்கு 33 மில்லி, சுமார் 270 கலோரி. அதை இரண்டு லிட்டர் ஆக்கினாலே, வேறு எதையும் கூட்டாமல் இருந்தால், ஆளுக்கு மாதம் அரை கிலோ. எடையைத் தினமும் காலையில் ஒரே நேரத்தில், ஒரே துணியில் பார்த்து, ஏழு நாளின் சராசரியை அடுத்த ஏழு நாளின் சராசரியோடு ஒப்பிடுங்கள். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பளவும் குறித்துக்கொள்ளுங்கள்.

எடை முள் நின்றதும் இரண்டாவது முறை பணம் கறக்கிறார்கள். "யாருக்கும் தெரியாம சோறு சாப்பிட்டிருக்கீங்க" என்று முதலில் குற்றம் சுமத்துவார்கள். பிறகு "மெட்டபாலிசம் அடைச்சுக்கிச்சு, குடலைக் கழுவணும்" என்று ஒரு பச்சைப் பொடி. அதில் நிலவாகை இலை இருக்கிறதா என்று பாருங்கள். இது நம் ராமநாதபுரம் பக்கமே பயிராகும் பேதி மருந்து. வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டின் கலோரியோ அதற்கு முன்னாலேயே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். போவது தண்ணீரும் பொட்டாசியமும். நம் வெயிலில் ஏற்கனவே வியர்த்து உப்பு போய்க்கொண்டிருக்கும் உடம்பில் இதையும் வாரக்கணக்கில் குடித்தால் கெண்டைக்கால் பிடிப்பு, தலைசுற்றல், முற்றினால் இதயத் துடிப்பிலேயே கோளாறு.

புரதப் பொடியின் லேபிளையும் திருப்பிப் படியுங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சடிக்க வேண்டும் என்பது விதி. மால்டோடெக்ஸ்ட்ரின் முதல் இரண்டு இடத்தில் இருந்தால் அதுவே மாவுச்சத்து. ஒரு ஸ்கூப்பில் 8 கிராம் புரதம் என்று போட்டிருந்தால், இரண்டு முட்டை 12 கிராம் தருகிறது என்பதை நினைத்து விலையைக் கணக்கிடுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம். அது இல்லாத டப்பாவை வாங்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பயம் தருவது ஒன்று. பணம் வாங்கும்போது மாத்திரை பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர் அதே அளவை எடுத்துக்கொண்டு சோற்றை மட்டும் நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். வியர்வை, கை நடுக்கம், குழப்பம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவருக்கு ஆபத்து வேறு மாதிரி. மாவுச்சத்து மிகக் குறைந்தால், கொழுப்பு உடையும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அப்போது குளுக்கோமீட்டர் 250-க்குக் கீழேயே காட்டலாம். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு இருந்தால் "சர்க்கரை நார்மல்தானே" என்று வீட்டில் உட்காராதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போய் மாத்திரை அட்டையைக் காட்டிக் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

பணம் கட்டிவிட்டவர்கள் குழுவை விட்டு வெளியேறும் முன் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். "அஞ்சு கிலோ உறுதி" என்ற செய்தி, பணம் அனுப்பிய ரசீது, டப்பாவின் நாலு பக்கப் படம், எடைத்தாள் நான்கும் வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள், ஃபோனில் பேசியதைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொடியை மருந்து என்று சொல்லி உடல்பருமனோ சர்க்கரை நோயோ குணமாகும் என்று விளம்பரம் செய்திருந்தால் அது மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். அந்த விளம்பரப் படத்தை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும், உணவு என்று விற்றிருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்புங்கள். மிச்சப் பொடியைக் கொட்டிவிடாதீர்கள், சோதனைக்கு அது தேவைப்படும்.