இன்டக்ரேஷனுக்கு உல்ஃப்ராம் ஆல்ஃபாவா, சிம்பையா?

இரண்டும் கணக்கைக் கொடுத்தால் விடை தரும் கணினிக் கருவிகள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சிம்பை கட்சி. நடுநிலையை எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் உப்பு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகள் இங்கே பெங்களூரில் வி.டி.யூ.வின் (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) கீழ் வரும் கல்லூரி ஒன்றில் முதல் வருடம் இன்ஜினியரிங் சேர்ந்ததும், கணக்கில் சந்தேகம் வந்தால் எதைப் பிடிப்பது என்று வீட்டில் பேச்சு கிளம்பியது. கே.ஆர்.புரத்திலிருந்து டின் ஃபாக்டரி நெரிசலைத் தாண்டி சாயங்காலம் டியூஷன் போய்வருவதா, ஆளை விடு என்று அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது இணையம். அதில் எதை வைத்துக்கொள்வது, எதற்குக் காசு கட்டுவது என்று முடிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். ஃபோட்டோமேத் மாதிரி படம் பிடித்தால் விடை சொல்லும் ஆப்கள் பிளஸ் டூ கணக்குக்கு நன்றாக ஓடும், முதல் வருடக் கணக்கில் அவற்றை நம்பி உட்கார முடியாது. மேட்லேப், கல்லூரி லைசன்ஸ் கொடுத்தால் வைத்துக்கொள்ளலாம், சொந்தக் காசில் இப்போதைக்கு வேண்டாம். அதன் பலம் எண்களைப் போட்டுக் கணிப்பதில், எக்ஸ் எக்ஸாகவே இருக்கும் கணக்குகளுக்கு அதிலும் தனி டூல்பாக்ஸ் வேண்டும். டெஸ்மாஸ், ஜியோஜீப்ரா இரண்டும் வரைபடத்துக்கு, இரண்டையும் காசில்லாமல் பயன்படுத்தலாம், எதைத் தேர்ந்தெடுத்தாலும் பக்கத்தில் இருக்கட்டும். எம்.ஐ.டி.யில் 1960களின் கடைசியில் தொடங்கிய ஒரு பழைய மென்பொருளின் வாரிசான மேக்ஸிமாவும் இலவசம்தான், நல்ல சரக்கு, ஆனால் அதைத் தொட்டுப் பார்த்ததோடு சரி, அதனால் அதைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன்.

ஆக உண்மையான போட்டி இரண்டுக்கு நடுவில். ஒரு பக்கம் 2009இலிருந்து இருக்கும் உல்ஃப்ராம் ஆல்ஃபா: பெட்டியில் கணக்கைத் தட்டினால் விடை. இன்னொரு பக்கம் சிம்பை: பைத்தான் மொழிக்கான இலவசக் கணித நூலகம், பிரௌசரிலேயே பைத்தானை ஓட்ட விடும் கூகுள் கோலாபில் ஏற்கெனவே போட்டே இருக்கும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

வசதி என்று பார்த்தால் உல்ஃப்ராம்தான், அதில் சந்தேகமே இல்லை. இலக்கணம் பார்க்காது, அரைகுறையாக எழுதினாலும் நாம் கேட்க வந்ததைப் புரிந்துகொள்ளும், வரைபடம் போடும், அதே விடையை வேறு உருவங்களிலும் எழுதிக் காட்டும், கடைசியில் கான்ஸ்டன்ட் (விடையின் வாலில் வரும் 'பிளஸ் சி') சேர்க்கவும் மறக்காது. சிம்பை அந்தக் கான்ஸ்டன்ட்டை எழுதவே எழுதாது, பரீட்சையில் அப்படியே காப்பி அடித்தால் மார்க் போகும். ஆனால் உல்ஃப்ராமில் விடை இலவசம், முழுப் படிகள் சந்தாவுக்குள். டாலரில் சந்தா, அதுவும் மாதாமாதம் தானாகக் கழியும் வகை என்றால், 2021 அக்டோபரில் அமலுக்கு வந்த ஆட்டோ டெபிட் விதிகளால் நம் ஊர் கார்டுகளில் அது சுலபமாக நடப்பதில்லை. அக்கா இதைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினாள். என்னைக் கேட்டால் காசு இரண்டாம் பட்சம்தான்.

என்னைச் சிம்பை பக்கம் தள்ளியது ஒரே விஷயம், விடையைச் சரிபார்ப்பது. விடை வாங்குவது இப்போது யாருக்கும் கஷ்டமில்லை. புத்தகத்தில் ஒரு விடையும் திரையில் வேறு விடையும் இருக்கும்போது என்ன செய்வாய் என்பதில்தான் ஒரு முதல் வருட மாணவியின் ராத்திரி போகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் கீழ் (1 + சைன் எக்ஸ்), அதாவது 1/(1 + சைன் எக்ஸ்), இதை இன்டக்ரேட் செய்ய வேண்டும். பிளஸ் டூவில் மேலும் கீழும் (1 − சைன் எக்ஸ்) போட்டுப் பெருக்கச் சொல்லித்தருவார்கள், இரண்டே வரியில் 'டான் எக்ஸ் − செக் எக்ஸ்' என்று வந்துவிடும். உல்ஃப்ராமில் தட்டினால் அரைக் கோணத்தில் வருகிறது: மேலே 2 சைன்(எக்ஸ்/2), கீழே சைன்(எக்ஸ்/2) + காஸ்(எக்ஸ்/2). சிம்பையோ இந்த இரண்டையும் விட்டுவிட்டு, மேலே −2, கீழே டான்(எக்ஸ்/2) + 1 என்கிறது.

"மாமா, மூணும் மூணு மாதிரி இருக்கு. இதுல எதை எழுதறது?"

மூன்றும் சரி. அவளே அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை, கண்டுபிடித்தாள். கோலாபில் எக்ஸ் ஒரு குறி என்று ஒரு வரியில் அறிவித்து, புத்தக விடையை 'அ' என்றும் சிம்பை விடையை 'ஆ' என்றும் பெயர் கொடுத்து வைத்தாள் (பைத்தானில் மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம், பலருக்கு இது தெரிவதில்லை). பிறகு எக்ஸ் இடத்தில் பூஜ்யம் போட்டுப் பார்த்தாள்: புத்தகத்தில் −1, சிம்பையில் −2. அறுபது டிகிரி, அதாவது பை/3 போட்டாள்: புத்தகத்தில் −0.268, சிம்பையில் −1.268. வித்தியாசம் இரண்டு இடத்திலும் சரியாக 1. உல்ஃப்ராம் விடையையும் 'இ' என்று உள்ளே எழுதினாள்: பூஜ்யத்தில் 0, அறுபதில் 0.732. அது புத்தகத்தைவிட 1 அதிகம். ஆக மூன்றும் ஒன்றுக்கொன்று ஒரு கான்ஸ்டன்ட் தள்ளி நிற்கின்றன, அவ்வளவுதான் சங்கதி. டெஸ்மாஸில் மூன்றையும் போட்டால் ஒரே வளைவு மாடிப்படி மாதிரி மூன்று உயரத்தில் நிற்பது கண்ணுக்கே தெரியும். வகுப்பில் எத்தனையோ தடவை கேட்டு, கையால் எத்தனையோ தடவை எழுதிய அந்த 'பிளஸ் சி' எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்றாள்.

இரண்டு எண் போட்டுப் பார்த்தது நிரூபணம் ஆகிவிடாது, அதையும் சொல்லிவைத்தேன். முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் விடையை டிஃபரன்ஷியேட் செய்து (இன்டக்ரேஷனுக்கு நேர் எதிர் வேலை), அதிலிருந்து கேள்வியைக் கழித்து, சுருக்கச் சொல்ல வேண்டும், பூஜ்யம் வந்தால் வேலை முடிந்தது. சில சமயம் சிம்பை பூஜ்யம் என்று சொல்லாமல் டானும் செக்குமாக நீளமாக எதையோ துப்பும். அப்போது மறுபடி எண் போட்டுப் பார்ப்பதுதான் கைவைத்தியம்.

இதையெல்லாம் உல்ஃப்ராமில் செய்ய முடியாதா? முடியும். ஆனால் ஒவ்வொன்றையும் புதுக் கேள்வியாகத் தட்ட வேண்டும், முந்தின விடையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, நாளைக்கு அதே வேலையை வேறு கணக்குக்குச் செய்ய ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். கோலாபில் சரிபார்க்கும் வரிகள் அப்படியே இருக்கும், மேலே கேள்வியை மட்டும் மாற்றி ஓட்டினால் போதும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் இணைப்பு அறுந்துபோய் எல்லா வரிகளையும் மறுபடி ஓட்டச் சொல்லும் என்பது ஒரு தொல்லை, ஆனால் எழுதியது கூகுள் டிரைவில் பத்திரமாக இருக்கும். சந்தா முடிந்தது, படிகள் மூடிக்கொண்டன என்ற பேச்சே கிடையாது.

சிம்பையின் இன்னொரு குணம் எனக்குப் பிடிக்கும், பலருக்கு எரிச்சல் தரும். எக்ஸ் ஸ்கொயரின் வர்க்கமூலம் என்ன என்று கேட்டால் எக்ஸ் என்று சொல்லாது, அப்படியே திருப்பித் தரும். எக்ஸ் பாசிட்டிவ் என்று நாமே முன்கூட்டி அறிவித்தால்தான் எக்ஸ் என்று சுருக்கும். 'மைனஸாக இருந்தால் என்ன ஆகும்' என்று யோசிக்காமல் எழுதும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு ரொம்ப ஆழம், அதை இது நச்சரித்தே மாற்றுகிறது. உல்ஃப்ராம் இந்த மாதிரி இடத்தில் தானே ஒரு முடிவெடுத்து விடை சொல்லிவிடும். −8இன் 1/3 அடுக்கை, அதாவது கனமூலத்தைக் கேளுங்கள், −2 வராது, காம்ப்ளெக்ஸ் எண் ஒன்று வரும். எந்த அனுமானத்தில் சொல்கிறது என்றும், நிஜ எண் வேண்டுமானால் எதை அழுத்துவது என்றும் பக்கத்திலேயே எழுதியிருக்கும்தான், யார் படிக்கிறார்கள்?

சிம்பையின் குறைகளை மறைக்க முடியாது. முதல் வாரம் கடி. அடுக்குக்குக் கூரை அடையாளம் (^) போட்டால் பைத்தான் சண்டைக்கு வரும், இரண்டு நட்சத்திரம் (**) போட வேண்டும். பாதி அடுக்கு என்று அடைப்புக்குள் 1/2 எழுதினால் அது 0.5 ஆகி, விடை முழுக்கத் தசமமாகிவிடும். படிகளைக் காட்டும் வசதி உள்ளே இருக்கிறது, ஆனால் விதிகளின் பெயரை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கொட்டுகிறது, மனுஷன் படிக்கிற மாதிரி இல்லை. படிகளுக்காக மட்டும் என்றால் உல்ஃப்ராம் சந்தா பல மடங்கு மேல். கூகுள் அக்கவுண்ட்டோ பைத்தானின் நட்சத்திரமோ வேண்டாம் என்பவர்கள் சேஜ் என்ற இலவசக் கணித மென்பொருள் பக்கம் போகலாம், வில்லியம் ஸ்டெய்ன் 2005இல் தொடங்கியது. அதன் 'சேஜ் செல்' பக்கத்தில் லாகின் கிடையாது, கூரை அடையாளத்தையும் அடுக்காகவே எடுத்துக்கொள்ளும்.

இங்கே படிப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வி.டி.யூ. 2022 பாடத்திட்டத்தில் முதல் வருடக் கணக்கோடு லேப் வருகிறது: போலார் வளைவு வரைவது, இரண்டு வளைவுக்கு நடுவில் கோணம், வளைவு ஆரம் என்று போகும், பைத்தானிலேயே செய்யலாம். எப்படியும் தொட வேண்டியதை இரண்டு மாதம் முன்னால் தொட்டால் என்ன நஷ்டம்? தமிழில் கேட்டுப் பழக விரும்புகிறவர்களுக்கு ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் சைலாப், ஜியோஜீப்ரா போன்றவற்றுக்குத் தமிழ்க் குரலோடு பாடங்கள் கிடைக்கின்றன. சைலாபும் இலவசம், ஆனால் மேட்லேப் மாதிரி எண் பக்கம் சாய்ந்தது.

சாட்பாட்டை விட்டுவிட்டாயே என்பீர்கள். விடவில்லை, அவள் தினமும் அதோடுதான் பேசுகிறாள். 'இந்த இடத்தில் ஏன் (1 − சைன் எக்ஸ்) போட்டுப் பெருக்கணும்' என்று கேட்டால் அது விளக்குகிற பொறுமை எனக்குக்கூடக் கிடையாது. ஆனால் நடுவில் ஒரு மைனஸை விழுங்கிவிட்டு அதே தெம்போடு கடைசி வரி வரை போய்விடும். பின்னால் பைத்தானை ஓட்டிப் பார்க்கும் வசதி சிலவற்றில் இருக்கிறது, அப்போது பிழை குறைகிறது. எங்கள் வீட்டு ஏற்பாடு, விளக்கத்தை அதனிடம் கேள், கடைசி வரியைக் கோலாபில் போட்டுப் பார்.

மனிதர்களிடம் கேட்க மேத் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் தளம், 2010இலிருந்து இருக்கிறது. அங்கே கேள்வியை மட்டும் ஒட்டிவிட்டு விடை கொடுங்கள் என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள், நீ எதுவரை முயன்றாய் என்று எழுத வேண்டும். முதல் வருடக் கணக்கு பெரும்பாலும் ஏற்கெனவே யாரோ கேட்டதாகத்தான் இருக்கும், தேடினாலே போதும்.

யார் உல்ஃப்ராம் சந்தா கட்டலாம்? கோட் (நிரல்) எழுதப் பிடிக்கவே பிடிக்காதவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே ஒரே ஒரு பேப்பரை முடிக்க வேண்டியவர்கள், பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது என்பவர்கள். அவர்களை நான் சிம்பைக்கு இழுக்க மாட்டேன்.

டிஃபரன்ஷியல் ஈக்வேஷனில் என் அனுபவம் கம்மி, அவளும் இப்போதுதான் அந்த யூனிட்டுக்கு வந்திருக்கிறாள். சிம்பையில் அதற்கும் விடை கிடைக்கிறது, கிடைத்த விடையைத் திரும்பச் சமன்பாட்டில் போட்டுச் சரியா என்று பார்க்கத் தனி ஃபங்ஷனே வைத்திருக்கிறார்கள், அதில் எனக்கு ஏக சந்தோஷம். ஆனால் சில சமன்பாடுகளுக்கு அது யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் அவள் எனக்குத் தெரியாமல் உல்ஃப்ராமில் தட்டி விடையை வாங்கிவிடுகிறாள், அதைக் கொண்டுவந்து சிம்பையில் சரிபார்க்கிறவரைக்கும் நானும் ஒன்றும் சொல்வதில்லை.