"மெர்குரி இல்லை" என்ற ஸ்டிக்கரை நம்பி எட்டு மானிட்டர் வாங்கினேன்

பள்ளிக்கோ டியூஷன் சென்டருக்கோ பழைய மானிட்டர்களை மொத்தமாக வாங்கப் போகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதுராந்தகத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். காலையில் டைப்பிங்கும் டேலியும், மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை வகுப்பு. போன மே மாதம் எட்டு மானிட்டர் தேவைப்பட்டது. புதிது வாங்கக் கையில் பணம் இல்லை, அதனால் சென்னைக்குப் போய் ரிச்சி தெரு பக்கம் ரீஃபர்பிஷ்டு, அதாவது பழையதைச் சரிசெய்த மானிட்டர் விற்கும் ஒரு கடையில் கேட்டேன். சாதாரண 19 இன்ச் 2,000 ரூபாய் என்றார்கள். பிள்ளைகள் உட்காரும் இடம் என்று நான் சொன்னதும் கடைக்காரர் உள்ளேயிருந்து வேறு ஒன்றை எடுத்துவந்து வைத்தார். விலை 2,800.

"பசங்களுக்குன்னா இதையே எடுத்துக்கோங்க அக்கா. எல்லாமே எல்இடி. மெர்குரி, லெட் எதுவும் கிடையாது. பின்னாடி பாருங்க, ரோஹ்ஸ், டிசிஓ எல்லாம் போட்டிருக்கு."

மெர்குரி என்றால் பாதரசம், லெட் என்றால் ஈயம். பார்த்தேன். பச்சை இலைப் படம், அதன் கீழே ஆங்கிலத்தில் "மெர்குரி ஃப்ரீ", பக்கத்தில் ரோஹ்ஸ், டிசிஓ முத்திரைகள். பிள்ளைகளுக்காகத்தானே என்று எட்டுக்கும் சேர்த்து 6,400 ரூபாய் அதிகமாகக் கொடுத்தேன். நான் எடுத்தது மூன்று வெவ்வேறு கம்பெனி மானிட்டர்கள். எட்டிலும் ஒரே அளவில், ஒரே இடத்தில், ஒரே ஸ்டிக்கர். மூன்று கம்பெனிக்கு எப்படி ஒரே ஸ்டிக்கர் வரும் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். பில்லில் எல்இடி என்று எழுதச் சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதான் அக்கா" என்று சொல்லி, "19 இன்ச் மானிட்டர், 8 எண்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் ஒரு மானிட்டர், காலையில் போட்டதும் இளஞ்சிவப்பாக எரிந்து, வெளிச்சம் கூடப் பத்து நிமிடம் எடுத்தது. அப்புறம் இன்னொன்றில் படம் இரண்டு நொடி தெரிந்துவிட்டு இருண்டுபோனது. டார்ச் அடித்துப் பார்த்தால் இருட்டுக்குள் படம் மங்கலாகத் தெரிந்தது. எங்களுக்கு வழக்கமாக வேலை பார்க்கும் தம்பி வந்து, "பேக்லைட் போச்சு அக்கா" என்று, திரைக்குப் பின்னால் எரியும் விளக்கைச் சொல்லிவிட்டு மேசையில் வைத்துக் கழற்றினான். பேனலின் ஓரத்தில் இருந்த தகடுப் பட்டையை நெம்பும்போது பட்டென்று ஒரு சத்தம். ஈர்க்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனான கண்ணாடிக் குழாய் ஒன்று உள்ளே உடைந்து கிடந்தது.

"இது எல்இடி இல்லையே அக்கா. டியூப்லைட் மாதிரிதான், உள்ளே மெர்குரி இருக்கும்."

பக்கத்து அறையில் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, நாங்களும் பத்து நிமிடம் வெளியே நின்றோம். துடைப்பத்தை எடுக்கவில்லை, கூட்டினால் தூள் பரவிவிடும். தடித்த அட்டையால் துண்டுகளை அள்ளி, பொடியைச் செல்லோ டேப்பில் ஒற்றியெடுத்து, எல்லாவற்றையும் மூடி உள்ள கண்ணாடிப் பாட்டிலில் போட்டோம். இப்படிப்பட்ட விளக்கு ஒன்றில் இருக்கும் பாதரசம் சில மில்லிகிராம்தான். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்ட பிறகும் மண்ணிலிருந்த பாதரசத்துக்காக எத்தனை வருடம் போராட வேண்டியிருந்தது என்பது நமக்கெல்லாம் தெரியும். அந்தப் பொருளை, இல்லை என்று சொல்லி என் வகுப்பறைக்குள் அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாள் எட்டு ஸ்டிக்கர்களையும் உரித்தேன். அடியில் கம்பெனி ஒட்டிய அசல் லேபிள் இருந்தது. தயாரித்த வருடம் ஒன்றில் 2007, மற்றவற்றில் 2008. ஐந்தில் ஆங்கிலத்தில் தெளிவாக ஒரு வரி: இதனுள் இருக்கும் விளக்குகளில் பாதரசம் உள்ளது, சட்டப்படி மட்டுமே அப்புறப்படுத்த வேண்டும். பச்சை இலை சரியாக அந்த வரியின் மேல் ஒட்டப்பட்டிருந்தது. இதை அறியாமல் செய்த தவறு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கடைக்கு போன் செய்தேன். "ரோஹ்ஸ் இருந்தா மெர்குரி இருக்காதுக்கா, நெட்ல பாருங்க" என்றார்கள். சரி என்று பார்த்தேன். அவர்கள் சொன்னது அடிப்படையிலேயே தவறு. நம்மில் பலரும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறோம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரோஹ்ஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, 2006 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஈயம், பாதரசம், காட்மியம், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், தீ பரவாமல் இருக்க பிளாஸ்டிக்கில் கலக்கும் இரண்டு வகை புரோமின் சேர்மங்கள் ஆகிய ஆறையும் என் மானிட்டர்கள் தயாரான காலத்தில் அது கட்டுப்படுத்தியது. கருவியில் இருக்கும் ஒவ்வொரு மூலப்பொருளிலும் எடையில் 0.1 சதவீதம், காட்மியத்துக்கு மட்டும் 0.01 சதவீதம் என்பது வரம்பு. ஆனால் விலக்குகள் உண்டு. எல்சிடி மானிட்டரின் பின்னால் எரியும் அந்த மெல்லிய குழல்விளக்கில், சிசிஎஃப்எல் என்பார்கள், பாதரசம் இருக்க விலக்கு கொடுக்கப்பட்டிருந்தது. பழைய டப்பா மானிட்டரின் கண்ணாடியில் இருக்கும் ஈயத்துக்கும் அப்படித்தான். அதாவது ரோஹ்ஸ் முத்திரை அசலாகவே இருந்தாலும் உள்ளே பாதரசம் இருக்கலாம். நம் நாட்டு மின்கழிவு விதிகளிலும் 2014 மே முதல் இதே ஆறு பொருட்களுக்கு வரம்பு உண்டு. என் மானிட்டர்கள் அதற்கும் முந்தியவை.

டிசிஓ சுவீடனின் ஊழியர் சங்கக் கூட்டமைப்பு 1992இல் மானிட்டர்களுக்காகக் கொண்டுவந்த முத்திரை. முதலில் திரையிலிருந்து வரும் மின்காந்தப் புலமும் மின்செலவும்தான் அதன் கவலை. சுற்றுச்சூழல் விதிகள் 1995இல் சேர்ந்தன. மிக நல்ல முத்திரை, நான் மதிக்கிறேன். ஆனால் 2003ஆம் வருடப் பதிப்பின் முத்திரை பெற்ற எல்சிடி மானிட்டர்களிலும் இதே பாதரசக் குழல்விளக்குதான் எரிந்தது. எனர்ஜி ஸ்டார் மின்சிக்கனத்துக்கானது. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் ஆர் எண் மின்பாதுகாப்புக்கானது. உள்ளே என்ன ரசாயனம் இருக்கிறது என்பதை இந்த இரண்டும் சொல்லாது.

ஆகவே ஸ்டிக்கரை விட்டுவிட்டு மாடல் எண்ணைப் பாருங்கள். கடையிலேயே போனில் அந்த எண்ணைத் தேடி, பேக்லைட் என்ற இடத்தில் சிசிஎஃப்எல் என்றா எல்இடி என்றா போட்டிருக்கிறது என்று பாருங்கள். தயாரித்த வருடம் 2010க்கு முந்தியது என்றால், சாதாரண ஆபீஸ் மானிட்டரில் பெரும்பாலும் குழல்விளக்குதான். எல்இடி மானிட்டரும் எல்சிடிதான், பின்னால் எரியும் விளக்கு மட்டுமே வேறு, அதனால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். புது மாடலுக்கு டிசிஓ என்று சொன்னால், அவர்களுடைய இணையப் பட்டியலில் மாடல் பெயரைப் போட்டால் சான்றிதழ் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பில்லில் "எல்இடி பேக்லைட்" என்று எழுதித் தர மாட்டேன் என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். தெரிந்த வக்கீல் அண்ணா ஒருவர் நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார். ஆதாரம் இல்லாமல் பொருளைப் பசுமையானது என்று சொல்லி விற்பதற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதையும் குறிப்பிட்டு, உரித்த ஸ்டிக்கரின் படங்களோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. பதினெட்டாம் நாள் கடையிலிருந்தே கூப்பிட்டு, திறக்காத ஏழுக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள். கழற்றிய மானிட்டருக்கு ஒரு பைசா தரவில்லை.

அந்த எட்டாவது மானிட்டரும் கண்ணாடிப் பாட்டிலும் இன்னும் என் பின்கட்டில்தான் இருக்கின்றன. காயலாங்கடைக்குப் போட்டால் நூறு ரூபாய் கிடைக்கும், உடையாமல் மீதி இருக்கும் குழாயையும் அங்கே ஒரு பையன் வெறுங்கையால் உடைப்பான். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனம் ஒன்றிடம் பேசியிருக்கிறேன். மொத்தமாக இருந்தால் வண்டி அனுப்புவார்களாம். பக்கத்து ஊர்களில் இன்னும் இரண்டு சென்டர்களிடம் பழைய மானிட்டர்கள் கிடக்கின்றன, சேர்த்து அனுப்பப் போகிறோம்.

ஏழையும் திருப்பிக் கொடுக்க நானே கடைக்குப் போயிருந்தேன். பணத்தை எண்ணி வாங்கும்போது பார்த்தேன், கல்லாவுக்குப் பக்கத்தில் அதே பச்சை இலை ஸ்டிக்கர் சுருளாகக் கிடந்தது. அதைப் படமெடுத்து, 1915இல் கொடுத்த என் புகாரோடு சேர்த்திருக்கிறேன்.