8,500 ரூபாய் போச்சு: கிளாஸ்-டி ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வேலூர் டவுனில் செட் அசெம்பிள் செய்து விற்கும் ஓர் ஆடியோ கடை. பெயர் வேண்டாம். அங்கே 8,500 ரூபாய் கொடுத்து ஒரு கிளாஸ்-டி (சூடு குறைவாக, சின்ன பெட்டியில் ஓடும் வகை) ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். முகப்பில் '300+300 வாட்ஸ்' என்று பளபளவென்று ஸ்டிக்கர்.

"உள்ளே டிபிஏ 3255 ஐசிண்ணா, ஒரிஜினல்" என்றார் கடைக்காரர். பெரிய பவருக்கான ஆம்ப் சிப் அது. நான் கொண்டுபோன பழைய பாட்டைப் போடச் சொன்னேன். கால் நிமிஷம்கூட ஓடவில்லை, "இதுல ஒண்ணும் தெரியாதுண்ணா" என்று மாற்றிவிட்டு, பாஸ் தூக்கலான ஒரு குத்துப்பாட்டை வால்யூம் ஏற்றிப் போட்டார். ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. வாரண்டி பற்றிக் கேட்டதும் என் தோளில் கைபோட்டு, "இன்னாண்ணா, நம்ம கடைல போய் சந்தேகப்படுறீங்களே. ஏதாச்சும்னா நான் இருக்கேன்" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் பணத்தை எண்ணி வைத்தேன்.

காட்பாடிக்கு வந்து என் 8 ஓம் ஸ்பீக்கரில் மாட்டினால், பாட்டு இல்லாதபோதே ட்வீட்டரில் (கீச்சு ஒலிக்கான குட்டி ஸ்பீக்கர்) ஸ்ஸ் என்று இரைச்சல். சுசீலாம்மா குரலில் 'ச' வரும் இடமெல்லாம் காதைக் கீறுகிறது. வால்யூம் பாதி தாண்டினால் மிருதங்கம் தகர டப்பா.

கூட வந்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன்: 12 வோல்ட், 5 ஆம்பியர். மொத்தமே 60 வாட்ஸ்! உள்ளே போவது 60 என்றால் வெளியே 600 எங்கிருந்து வரும்? 12 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு சேனலுக்கு 9 வாட்ஸுக்கு மேல் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) இல்லாமல் வராது. நிஜமான 3255 ஐசி, 4 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 315 வாட்ஸ் தர 50 வோல்ட் அளவுக்கு சப்ளை கேட்கும், அதுவும் 10 சதவீத டிஸ்டார்ஷனோடு. மூடியைக் கழற்றினால் உள்ளங்கை அளவு போர்டு, ஐசி மேல் எழுத்தை உரசி அழித்திருக்கிறார்கள். கிளாஸ்-டி மட்டம் என்று சொல்லவில்லை. நல்ல சப்ளையும், ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலை வடிகட்டும் ஒழுங்கான அவுட்புட் ஃபில்டரும் இருந்தால் அருமையாகப் பாடும். இது அது இல்லை.

திரும்பக் கொண்டுபோனால் முதலில் "ஸ்பீக்கர் பழசு". அப்புறம் "பத்து நாள் ஓடட்டும், செட் ஆயிடும்". அப்புறம் "டெக்னீஷியன் ஆம்பூர் போயிருக்காரு". கடைசியில், "மூடியத் திறந்துட்டீங்க, வாரண்டி போச்சு". தோளில் கைபோட்ட அதே ஆள், போனில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். 8,500 ரூபாய்!

வாங்கப் போகிறவர்கள் வாட்ஸ் ஸ்டிக்கரை விட்டுவிட்டு அடாப்டரின் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். உங்கள் பாட்டை, உங்கள் ஸ்பீக்கரில், வீட்டில் கேட்கிற வால்யூமில் முழுசாகக் கேளுங்கள். பாட்டை நிறுத்தி ட்வீட்டரில் காது வையுங்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். எனக்குக் கிடைத்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு. அதை வைத்துத்தான் நாளைக்கு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன்.