முதல் வீட்டுக்கடன்: 20 ஆண்டா, 30 ஆண்டா?

முதன்முறையாக வீடு வாங்குகிறவர் மாதத் தவணையைத்தான் முதலில் பார்க்கிறார். அதனால் 30 ஆண்டுக் கடன் எளிதாகத் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கடன் ஒரு லட்சம், வட்டி 8 சதவீதம். 20 ஆண்டு என்றால் மாதம் சுமார் 836. 30 ஆண்டு என்றால் 734. மாதத்துக்கு நூறு மிச்சம்தான். ஆனால் மொத்த வட்டி ஏறத்தாழ 1,00,700-லிருந்து 1,64,000-க்குத் தாவிவிடுகிறது! முதல் மாத வட்டி இரண்டிலும் 667. ஆக, நீண்ட கடனில் அசலில் கழிவது வெறும் 67. குறுகியதில் சுமார் 170.

நிலையான வருமானம் உள்ளவர், சற்றுச் சிரமப்பட்டாலும், 20 ஆண்டையே எடுக்க வேண்டும் என்பேன்.

30 ஆண்டுக்கும் நியாயம் உண்டு. தவணையை வருமானத்தோடு ஒப்பிட்டே வங்கி கடன் தருகிறது. குறைந்த சம்பளக்காரருக்குச் சில நேரம் இதுதான் ஒரே வழி. வருமானம் ஏறி இறங்குபவருக்கும் இதுவே பாதுகாப்பு. கைக்குப் பணம் வரும்போது கூடுதலாக அசலில் கட்டலாம். அதற்கு அபராதம் உண்டா என்பதைக் கையெழுத்திடும் முன்பே ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள்.

முதல் வீட்டுக்கான அரசு உதவித்தொகை கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். அது முன்பணத்தில் சேர்ந்தால் கடன் குறையும். 20 ஆண்டுத் தவணையும் கைக்கெட்டும்.