ஆம்புலன்ஸ் குலுக்கல்: மெத்தையை மாற்றுவதற்கு முன்

குலுக்கல் என்று புகார் வந்தால் எல்லோரும் முதலில் கைவைப்பது மெத்தையில். நாலு அங்குல ஃபோம் வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பு. நீண்டநாள் உபயோகத்தில் காசுக்கு மிகக் குறைந்த பலன் தந்தது அதுதான்; சில வண்டிகளில் நிலைமையை மோசமாக்கவும் செய்தது.

காரணம் எளிய கணக்கு. நோயாளி படுத்ததும் ஃபோம் எத்தனை செ.மீ. அமுங்குகிறது என்று அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுங்கள். உடலும் மெத்தையும் சேர்ந்து தானாக ஆடும் அதிர்வெண் தோராயமாகக் கிடைக்கும். 2 செ.மீ. அமுங்கினால் 3.5 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு மூன்றரை ஆட்டம். அதைப்போல் 1.4 மடங்குக்கு, அதாவது 5 ஹெர்ட்ஸுக்கு, மேலே உள்ள அதிர்வை மட்டுமே மெத்தை குறைக்கும். அதற்குக் கீழே கூட்டிக் கொடுக்கும். மேல்கீழ் அதிர்வில் உடலுக்கு மிகவும் உறைப்பது 4 முதல் 8 ஹெர்ட்ஸ். சரி, 6 செ.மீ. அமுங்கும் மெத்தை போடலாமே என்றால், அது 2 ஹெர்ட்ஸில் தொட்டில்போல் ஆடும். நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். கொடுத்தால் அழுத்தத்தில் ஒரு பகுதி ஃபோமுக்குள் போய்விடும்.

ஆகவே வேலையை டயரிலிருந்து தொடங்குங்கள். கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, டயர் சூடேறுமுன் காற்றுப் பிடிக்க வேண்டும். 'பாரம் ஏறுமே' என்று கூடுதலாக அடிப்பது வழக்கம். ஆம்புலன்ஸில் பாரம் குறைவு. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் முழுப் பாரத்துக்குக் கணக்கிட்டவை என்றால், பாதி பாரத்தில் விறைப்பாகவே நிற்கும். பட்டைகளுக்கு நடுவே துரு ஏறினால் சின்னக் குழிக்கு அவை வளைவதே இல்லை, அடி நேரே வண்டியின் தளத்துக்கு வந்துவிடும். பிரித்துச் சுத்தம் செய்து, தேய்ந்த புஷ்களை மாற்றினாலே வித்தியாசம் கையில் தெரியும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள்.

அடுத்தது ஸ்ட்ரெச்சர் பூட்டு. தலைமாட்டுச் சட்டத்தைப் பிடித்து உலுக்குங்கள். 'கடக்' என்று சத்தம் வந்தால் கொக்கியில் இரண்டு மூன்று மி.மீ. ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு குழியிலும் அது சுத்தியல் அடி. எலும்பு முறிந்தவர் அலறுவது பெரும்பாலும் இந்தக் கூர்மையான அடிக்குத்தான், மெதுவான ஆட்டத்துக்கு அல்ல. தேய்ந்த ரப்பர், நைலான் துண்டுகளை மாற்றுங்கள். அட்டையை மடித்துச் செருகுவது கூடவே கூடாது: கொக்கி முழுதாக விழாமல், பிரேக் அடித்தால் ஸ்ட்ரெச்சர் கழன்றுவிடும்.

முதுகெலும்பு, இடுப்பு அடிகளுக்கு வெற்றிட மெத்தை (சிறு மணிகள் நிரம்பிய பை; காற்றை உறிஞ்சினால் உடலின் வடிவில் இறுகும்) நல்ல முதலீடு. ஆனால் அதன் வேலை உடலை அசையாமல் பிடிப்பதுதான். அதிர்வை அது விழுங்கிவிடாது. படுக்கவைக்குமுன் உள்ளிருக்கும் மணிகளைக் கையால் சமமாகப் பரப்ப வேண்டும். மறந்தால் இடுப்புக்கடியில் பள்ளம் விழும். பழசானால் வால்வுதான் முதலில் போகும். ஷிஃப்ட் ஆரம்பத்தில் காற்றை உறிஞ்சி வைத்து, ஒரு மணி நேரம் கழித்து அழுத்திப் பாருங்கள். தளர்ந்திருந்தால் வால்வைக் கழற்றித் தூசி துடையுங்கள். மலைப் பாதையில் ஒன்று கவனிக்க வேண்டும். எலும்பு முறிவுக்கு ஊட்டியில் காற்றடைத்துக் கட்டிய சிம்பு மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் தளர்ந்துவிடும். வெற்றிட மெத்தையோ இன்னும் இறுகும்.

மீதி எல்லாம் பைலட் கையில், அதாவது ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கையில். வேகத்தடையில் முன்சக்கரம் இறங்கியதுமே ஆக்ஸிலேட்டரை மிதிப்பது பரவலான தவறு. ஓட்டுபவருக்குத் தடை முடிந்துவிட்டது, பின்அச்சுக்கு மேலே படுத்திருப்பவருக்கு இனிமேல்தான். பின்சக்கரமும் இறங்கியபின் மிதிக்கட்டும். ஒருபக்கச் சக்கரத்தை ஓரமாக விட்டு ஏறுவதும் வேண்டாம். உடல் பக்கவாட்டில் உருளும். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் விதிப்படி கட்டிய 10 செ.மீ. உயர, 3.7 மீட்டர் அகலத் தடை 25 கி.மீ. வேகத்துக்கானது. தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் அப்படி இல்லை, நடைவேகம்தான் சரி.

நெடுஞ்சாலையில் வரிவரியாக மேடெழுப்பிய பட்டைகள் தனி ரகம். ஒரு மீட்டர் இடைவெளியில் இருந்தால் 20 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஐந்தரை குலுக்கல், நேராக அந்த 4–8 ஹெர்ட்ஸ் வரம்புக்குள். 10 கி.மீ.க்கு இறக்கினால் மூன்றுக்கும் கீழே வந்துவிடும். இதே உதறலில்தான் தானியங்கி பி.பி. கருவி பிழை காட்டும், ஈ.சி.ஜி. கோடும் கிறுக்கும். ரீடிங் வேண்டுமென்றால் பட்டைக்கு முன்பே பொத்தானை அழுத்திவிடச் சொல்லுங்கள்.