பதுகி ஆடுவோருக்கு நாலு நிறச் சீட்டுக்கட்டு

வீட்டில் நண்பர்களோடு பதுகி (கைக்கு நான்கு சீட்டு வைத்து ஆடும் ஒரு வகை போக்கர்) ஆடுவதாக இருந்தால் முழு பிளாஸ்டிக் நாலு நிறக் கட்டு நல்ல முதலீடு. இதில் ஸ்பேட் கருப்பு, ஹார்ட் சிவப்பு, டைமன் நீலம், கிளாவர் பச்சை.

போக்கரின் இன்னொரு வகையான டெக்சாஸ் ஹோல்டெமுக்கு இது அலங்காரம்தான், பதுகிக்கு அப்படியில்லை. நான்கு சீட்டும் வெவ்வேறு இனமாக, வெவ்வேறு எண்ணாக, சிறியதாக இருக்க வேண்டும். ஏஸ்-2-3-4 நான்கு இனத்திலும் வந்தால் அதை மிஞ்ச ஆளில்லை. சாதாரணக் கட்டில் ஹார்ட்டையும் டைமனையும் குழப்பிக்கொண்டு, இனம் ஒன்றிப்போய் மூன்று சீட்டே கணக்கில் வரும் கையைப் பதுகி (நான்கும் வேறுபட்ட கைக்கும் இதே பெயர்தான்) என்று நீட்டுவது புதியவர்களின் வாடிக்கை. நிறம் மாறியதும் அந்தச் சண்டை பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

மூன்று முறை சீட்டு மாற்றுவதால் கட்டுக்கு வேலை அதிகம். ஆறு பேருக்கு 24 சீட்டு போட்டால் மீதி 28தான். கடைசி மாற்றத்துக்குள் தீர்ந்துவிட்டால், முந்தைய சுற்றுகளில் கழித்ததைக் கலைத்துப் போட வேண்டும். காகிதச் சீட்டு இதில் சீக்கிரம் மடங்கும். மடிப்பு விழுந்தால் பின்பக்கம் பார்த்தே அடையாளம் தெரியும்.

குறை: புதிதில் வழுக்கல், இரண்டிரண்டாக விழும். பிசுக்கு ஏறினால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெந்நீர் மட்டும் வேண்டாம், வளைந்துவிடும்.